எதிர்வீட்டு வேகம்

மாலை ஐந்து மணி ஆனால் நான் சீட்டாட உட்கார்ந்துவிடுவேன். பிரிட்ஜ் ஆட்டம். வேலைக்குப் போன காலத்தில் நாங்கள் நால்வரும் திரும்பிவரும் ரயிலில், மடியில் பிரீஃப்கேஸைக் கிடத்தி அதன்மேல் சீட்டைப் போட்டு ஆடியவர்கள். நிற்கிறவர்களின் இடுப்பு எங்கள் காதில் இடிக்கும், ஆட்டம் நிற்காது. இப்போது ஒருவர் செம்பூரில், ஒருவர் முலுண்டில், ஒருவர் டோம்பிவிலியில், நான் மாட்டுங்காவில். யாருக்கும் முழங்கால் சரியில்லை. அதனால் கணினியில் ஆடுகிறோம்.

கணினியில் ஒரு வசதி உண்டு. ஆடிக்கொண்டிருக்கும்போது ஒருவருடைய இணைப்பு அறுந்துபோனால் ஆட்டம் நிற்காது. அவருடைய இடத்தில் ஓர் இயந்திரம் வந்து உட்கார்ந்து அவர் கையிலிருந்த சீட்டுகளை ஆடும். என் இணைப்பு தினமும் இரண்டு மூன்று தடவை அறுந்தது. அது கூட எனக்குப் பெரிய வருத்தமில்லை. அந்த இயந்திரம் என்னைவிட நன்றாக ஆடியதுதான் வருத்தம்.

எனக்குப் பார்ட்னர் செம்பூர்க்காரர். நான் அறுந்துபோய்த் திரும்பி வந்ததும் ஃபோனில் கூப்பிடுவார்.

"ஓய், இப்போ உம்ம எடத்துல ஆடினது யாரு?"

"மெஷின். நெட் போயிடுத்து."

"போகட்டும். என்னமா ஆடித்து தெரியுமா? துருப்பை எடுக்காம வெச்சிண்டு கடைசில அடிச்சுது பாரும், முலுண்டு அப்படியே வாயடைச்சுப் போயிட்டான்."

"அதான் வந்துட்டேனே."

"அவசரமே இல்லை ஓய். நிதானமா வாரும். காப்பி கீப்பி சாப்ட்டுட்டு வாரும்."

ஐம்பது வருஷப் பழக்கத்தில் அவர் என்னை எத்தனையோ சொல்லியிருக்கிறார். இந்த 'நிதானமா வாரும்' மட்டும் உள்ளே போய்த் தைத்தது. இனி ஒருநாளும் இணைப்பு அறுந்துபோகக்கூடாது என்று தீர்மானம் செய்தேன். இந்தத் தீர்மானத்தால் ஒருவருடைய வீடே பறிபோக இருந்தது.

அந்த ஒருவர் எங்கள் எதிர்வீட்டு டீச்சர். பழைய கட்டடம் எங்களுடையது; ஒரு மாடிக்கு இரண்டே வீடு, வாசலுக்கு எதிர்வாசல், நடுவில் நாலடி நடை. வெகு காலமாக இரண்டு வீட்டுக்கும் ஒரே செய்தித்தாள்தான். காலையில் எங்களுக்கு, மத்தியானத்துக்கு மேல் அவர்களுக்கு. சிலிண்டர் தீர்ந்தால் இங்கிருந்து அங்கே உருளும், அங்கிருந்து இங்கே உருளும். இன்டர்நெட் வந்தபோதும் அதே வழக்கப்படி ஒரே இணைப்பு வாங்கிப் பாதிப் பாதி என்று வைத்துக்கொண்டோம். கேபிள் எங்கள் ஜன்னல் வழியாக வந்ததால் வைஃபை டப்பா எங்கள் ஹாலில் இருந்தது. வேறு காரணம் ஒன்றுமில்லை. ஜன்னல் அந்தப் பக்கம் இருந்திருந்தால் டப்பா அவர் வீட்டில் இருந்திருக்கும். நானும் யோக்கியனாக இருந்திருப்பேன்.

டீச்சர் பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். கணவர் போய்விட்டார். ஒரே மகன் புனேயில். அவன் புதிதாக வாங்கிய வீட்டில் அம்மாவுக்கென்று ஓர் அறை ஒதுக்கி, ஏ.சி.யெல்லாம் மாட்டி வைத்திருக்கிறான். இந்த வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு அங்கே வரச்சொல்லி நச்சரித்துக்கொண்டிருந்தான். டீச்சருக்கு மாட்டுங்காவை விட்டுப் போக மனமில்லை. வாடிக்கைப் பூக்காரி, கிங்ஸ் சர்க்கிளில் கேட்காமலே சரியான வாழையிலையை எடுத்துக்கொடுக்கும் கடைக்காரர், சாயங்காலம் கோவில், எங்கள் வீட்டில் என் மனைவி என்று அவருக்கு இங்கே ஒரு முழு வாழ்க்கை இருந்தது. ஆனால் இதையெல்லாம் காரணமாகச் சொன்னால் மகன் சிரிப்பான். அவர் சொன்ன காரணம் வகுப்பு.

தினமும் ஐந்து மணிக்குக் கணினியில் குழந்தைகளுக்குத் தமிழ் படிக்கச் சொல்லிக்கொடுத்தார். செம்பூர், தானே, நவி மும்பைக் குழந்தைகள். துபாயில் இருந்துகூட ஒரு பெண். எல்லாம் வீட்டில் பாதித் தமிழ் பாதி இந்தி பேசும், ஊருக்குப் போனால் பேருந்துப் பலகையில் தமிழைப் பார்த்துப் படம் என்று நினைக்கும். அதுகளை உட்காரவைத்து அவர் எழுத்துக்கூட்டிப் படிக்க வைத்தார். கடைசியில் மகன் ஓர் உடன்பாட்டுக்கு வந்தான். "கிளாஸ் நடக்கிற வரைக்கும் நீ அங்கயே இரு. பசங்க வரலைன்னா மறு பேச்சு பேசாம பெட்டியைக் கட்டணும்."

இதை டீச்சர் என் மனைவியிடம் சொன்னார். என் மனைவி என்னிடம் சொன்னாள். ஆகவே வகுப்பு போனால் டீச்சருக்கு மாட்டுங்காவும் போகும் என்பது எனக்கு ஆரம்பத்திலேயே தெரியும். தெரியாமல் செய்துவிட்டேன் என்று எழுதுவதானால் இதை எழுதவே வேண்டியதில்லை.

முதலில் நான் யாரையும் தொடவில்லை. என் கணினியைத்தான் தொட்டேன். அதைப் படுக்கையறையில், இரும்பு பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு சின்ன மேஜையில் வைத்திருந்தேன். அங்கேதான் மனைவி பார்க்கும் சீரியலின் சத்தம் வராது. இன்டர்நெட்டை வேகப்படுத்துவது எப்படி என்று ஒரு தளத்தில் நீளமாக எழுதியிருந்தார்கள். பரீட்சைக்குப் படிப்பதுபோலப் படித்தேன். தற்காலிகக் கோப்புகளை அழி என்றது; அழித்தேன். தானாக வந்து இறங்கும் புதுப்பித்தல்களை நிறுத்து என்றது, நிறுத்தினேன். தளங்களின் முகவரியைத் தேடிக் கொடுக்கிற சர்வரை மாற்று என்றது, மாற்றினேன். கணினி தன் உபயோகத்துக்காகக் கொஞ்சம் வேகத்தைப் பதுக்கி வைத்துக்கொள்கிறது, உள்ளே போய் அதைப் பூஜ்யமாக்கு என்றது. பதுக்கல் என்ற வார்த்தையைப் பார்த்ததும் எனக்கு ஆவேசமே வந்துவிட்டது. ரேஷன் காலத்து மனிதன் நான். போய்ப் பூஜ்யமாக்கினேன்.

"என்ன பண்ணிண்டிருக்கேள், சாப்பிட வராம?" என்றாள் மனைவி.

"வேகப்படுத்தறேன்."

"யாரை?"

மறுநாள் முழுக்க இணைப்பே வரவில்லை. எதை மாற்றியதால் போயிற்று என்று தெரியாமல், மாற்றியதையெல்லாம் ஒவ்வொன்றாகப் பழையபடி திருப்பினேன். அன்று என் இடத்தில் ஆரம்பம் முதல் கடைசிவரை இயந்திரமே ஆடியது. செம்பூர்க்காரர் அன்று மாலை எனக்கு ஃபோன்கூடச் செய்யவில்லை. அவ்வளவு சந்தோஷத்தில் இருந்திருக்கிறார்.

இணைப்பு திரும்பி வந்தது. அறுந்துபோவதும் கூடவே வந்தது. ஐந்தேகால் மணிக்கு நான் அறுந்து உட்கார்ந்திருக்கும்போது எதிர்வீட்டிலிருந்து "அம்மா, ஆடு, இலை" என்று குழந்தைகளின் குரல் கோஷ்டியாக வந்தது. அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது.

நான் பல வருஷம் எங்கள் கட்டடத்துச் சொசைட்டிக்குச் செகரெட்டரியாக இருந்தவன். தண்ணீர் எனக்குத் தெரியும். இந்த ஊரில் தண்ணீர் வருகிற நேரத்தில் கீழ்வீட்டில் எல்லாக் குழாயையும் திறந்துவிட்டால் மேல்வீட்டுக் குழாயில் காற்றுதான் சீறும். நான் போய்க் கீழ்வீட்டு வால்வை அரைத் திருகு திருகினால் மேலே தண்ணீர் ஏறும். கீழ்வீட்டுக்காரருக்குத் தெரியவும் தெரியாது. இன்டர்நெட்டும் குழாய் வழியாகத்தானே வருகிறது? டீச்சர் வீட்டில் ஐந்து மணிக்கு முழுக் குழாயையும் திறந்துவிடுகிறார்; எனக்குக் காற்று. அப்படியானால் எங்கோ ஒரு வால்வு இருக்கவேண்டும்.

இருந்தது. டப்பாவின் அடியில் ஒட்டியிருந்த காகிதத்தில் கடவுச்சொல். அதைப் போட்டு உள்ளே போனால், அந்தத் தருணத்தில் இணைந்திருக்கிற ஒவ்வொரு கருவியின் பெயரும் வந்தது. ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு கட்டம். இதற்கு இவ்வளவுக்கு மேல் வேகம் கொடுக்காதே என்று அதில் ஓர் எண்ணை எழுதலாம். டீச்சருடைய லேப்டாப்புக்கு எதிரே நான் எழுதிய எண் மிகச் சிறியது. கீழ்வீட்டு வால்வை அரைத் திருகு திருகியதுபோல என்று அப்போது சமாதானம் சொல்லிக்கொண்டேன். அது முக்கால் திருகு.

வால்வு கைக்கெட்டுகிற தூரத்தில் இருக்கட்டும் என்று கணினியையும் ஹாலுக்குத் தூக்கிவந்து டப்பாவின் பக்கத்திலேயே உட்கார்ந்தேன். அன்று ஐந்து மணி ஆட்டத்தில் என் இணைப்பு ஒரு தடவைகூட அறுந்துபோகவில்லை. என் ஊகம் நிரூபணமாகிவிட்டது. விஞ்ஞானம் படித்தவனுக்கு இதைவிட என்ன வேண்டும்?

இரண்டு நாள் கழித்து டீச்சர் வாசலில் வந்து நின்றார். லேப்டாப்பைக் கைக்குழந்தை மாதிரி இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டிருந்தார்.

"மாமா, நெட் ரொம்பப் படுத்தறது. நான் பேசறது கட்டாகிக் கட்டாகிப் போறதாம். உங்களுக்கு எப்படியிருக்கு?"

"எனக்குப் பரவாயில்லையே."

"அப்போ இதுலதான் ஏதோ கோளாறு. நீங்க கொஞ்சம் பாக்கறேளா? நீங்கதான் படிச்சுப் படிச்சு என்னவோ பண்றேள்னு மாமி சொன்னா."

அந்த நிமிஷத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லாததற்குக் காரணம் பயமில்லை. படிச்சுப் படிச்சு என்று அவர் சொன்னவிதம் காதுக்கு இதமாக இருந்தது, அவ்வளவுதான்.

லேப்டாப்பை வாங்கி வைத்துக்கொண்டு வைத்தியம் ஆரம்பித்தேன். தற்காலிகக் கோப்புகளை அழித்தேன். முகவரி சர்வரை மாற்றினேன். கறுப்புத் திரை ஒன்றைத் திறந்து, அதில் வெள்ளை எழுத்துகள் ஓடுவதை நெற்றியைச் சுருக்கிப் பார்த்தேன். "ஹூம்" என்றேன். டீச்சர் பக்கத்தில் கைகட்டி நின்றார். "இங்கே வேகத்தைப் பதுக்கிண்டிருக்கு, பாத்தேளா?" என்று காட்டினேன். "அடப்பாவி!" என்றார், கணினியைப் பார்த்து. அவர் வீட்டுக்குப் போனதும் நான் டப்பாவுக்குள் போய்க் கட்டத்திலிருந்த எண்ணை எடுத்துவிட்டேன்.

அன்று வகுப்பு கண்ணாடி மாதிரி நடந்ததாம். சாயங்காலமே தவலை அடை வந்தது, வெண்ணெயோடு.

அடை நன்றாக இருந்ததென்று நான் அத்தோடு விட்டிருக்கலாம். மூன்று நாள் விட்டுவைத்தேன். நாலாம் நாள் ஆட்டத்தில் தப்பாக ஏலம் கேட்டுத் தோற்றேன். தோற்றதற்குக் காரணம் வேண்டியிருந்தது. மறுபடி போய் எண்ணை எழுதினேன். மறுபடி டீச்சர் வந்தார். மறுபடி ஹூம். இந்தத் தடவை போளி. என் கீர்த்தி இரண்டாம் மாடிக்கும் இறங்கியது. அங்கே ஒருவருக்கு நிஜமாகவே ஏதோ கோளாறு. என்னால் சரிசெய்ய முடியவில்லை. "உங்க மெஷின் ரொம்பப் பழசு" என்று சொல்லிவிட்டு வந்தேன். எதிர்வீட்டு வியாதி மட்டும்தான் எனக்குக் குணமாகும். அதை அடுத்தடுத்த வாரங்களிலும் கொடுத்தேன், குணப்படுத்தினேன், மறுபடி கொடுத்தேன்.

இதற்குள் ஆட்டத்தில் ஒரு விபரீதம் நடந்திருந்தது. என் இணைப்பு அறுந்துபோகாததால் இயந்திரம் வருவதே நின்றுவிட்டது. எல்லாக் கையையும் நானே ஆடினேன். நாங்கள் வரிசையாகத் தோற்றோம்.

"ஓய், உம்ம நெட்டுக்கு என்ன ஆச்சு?" என்றார் செம்பூர்க்காரர்.

"ஏன், நன்னாத்தானே இருக்கு? விழவே இல்லையே."

"அதைத்தான் கேக்கறேன். முன்னெல்லாம் அப்பப்போ விழுவீர், நமக்கும் நாலு பாயிண்டு வரும். இப்போ என்ன கேடு வந்துது உமக்கு?"

எதிர்வீட்டில் நடந்துகொண்டிருந்தது எனக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் காதில் விழுந்தது. நடைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தால் வகுப்பு முழுதும் கேட்கும். முன்பெல்லாம் டீச்சர் பாடம் நடத்தினால் சிரிப்பும் கூச்சலுமாக இருக்கும். ஒருநாள் டீச்சர் திரையில் அசையாமல் நின்றுவிட, ஒரு பையன் கத்தினான்: "டீச்சர், ஆப் ஹேங் ஹோ கயீ!" இன்னொரு குழந்தை, "டீச்சர் ஸ்டாச்சூ, டீச்சர் ஸ்டாச்சூ!" என்றது. எல்லோரும் சிரித்தார்கள். டீச்சரும் சிரித்தார். ஆனால் மறுநாளிலிருந்து அவர் பேசும் விதம் மாறியது. ஒவ்வொரு வார்த்தையையும் இழுத்து, நடுவில் நிறுத்தி, தொண்டை கிழியக் கத்த ஆரம்பித்தார். "ப... ட... ம்." கீழே பால்காரருக்கே கேட்கும். கையை ஆட்டினால் உருவம் கலைந்துபோகிறது என்று யாரோ சொன்னார்களாம். அதனால் கையை மடியில் கட்டிக்கொண்டு அசையாமல் உட்கார்ந்து பாடம் நடத்தினார். வகுப்பில் கதை சொன்னால் புலியாகவும் முயலாகவும் ஆகிவிடுகிறவர் அவர்.

பிறகு குழந்தைகள் குறைந்தார்கள். துபாய்ப் பெண் முதலில் நின்றாள். தானேக் குழந்தைகள் வேறு ஏதோ செயலியில் சேர்ந்தார்கள். ஒரு மத்தியானம் செய்தித்தாளைக் கொடுக்கப் போன என் மனைவி வெகு நேரம் கழித்துத் திரும்பி வந்தாள்.

"டீச்சர் அழறா" என்றாள். "நெட்டெல்லாம் நீங்க சரி பண்ணியாச்சாம். அப்போ தப்பு தன்மேலதானாம். எனக்கு வயசாயிடுத்து மாமி, குழந்தைகளுக்கு என் பாடம் பிடிக்கலை, நாசூக்கா நெட்டுன்னு சாக்கு சொல்றாங்கறா. இனிமே கிளாஸே வேண்டாம்னு நிறுத்திட்டா. சனிக்கிழமை பிள்ளை வரானாம், கையோட அழைச்சிண்டு போக."

நான் எழுந்து டப்பாவுக்குள் போய் எண்ணை எடுத்தேன். இனி ஒருபோதும் எழுதுவதில்லை என்று நினைத்துக்கொண்டேன். திருந்திவிட்டவனுக்குரிய நிம்மதிகூட வந்தது. யாருக்கும் சொல்லவேண்டியதில்லை, எல்லாம் தானாகச் சரியாகிவிடும் என்று நம்பினேன்.

சனிக்கிழமை மகன் வந்தான். எங்கள் இருவரையும் காப்பிக்குக் கூப்பிட்டார் டீச்சர். அவன் சோபாவில் அம்மாவின் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு என்னென்னவோ தட்டினான்.

"அம்மா, ஸ்பீடு ஏ ஒன்னா இருக்கு. நீயே பாரு. இதுல பத்து கிளாஸ் நடத்தலாம்."

"இப்போ இருக்குடா. கிளாஸ்ல இருக்காது."

"ரெண்டு நாள் ஸ்பீடு ரெக்கார்டுகூட பாத்துட்டேன். ஒரு குறையும் இல்லை. மாமாவும் பார்த்துச் சரி பண்ணிக் குடுத்திருக்கார். சும்மா நெட்டு மேல பழி போடாதே. முடியலைன்னா முடியலைன்னு சொல்லேன், அதுல என்ன வெக்கம்?"

டீச்சர் காப்பி டம்ளரைத் தரையில் வைத்துவிட்டுப் புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார். நான் ஓசையில்லாமல் செய்த பிராயச்சித்தம் என்ன செய்துவிட்டது என்று அப்போதுதான் விளங்கியது. என் திருட்டின் தடயத்தை நானே துடைத்துவிட்டேன். இப்போது அவர் சொன்னது பொய் என்று ஆகிவிட்டது.

"அம்மா சொல்றது நிஜம்" என்றேன். "நான்தான் நெட்டைக் குறைச்சேன்."

மகன் என்னைப் பார்த்துச் சிரித்தான். "மாமா, நீங்க அம்மாவுக்காகச் சொல்றேள். வேண்டாம். அவ புரிஞ்சுப்பா."

"இல்லைப்பா. சத்தியமா. நான் சீட்டாடறதுக்காகக் குறைச்சேன்."

"சீட்டாட்டத்துக்கா?" என்று இன்னும் பலமாகச் சிரித்தான். "சும்மா இருங்கோ மாமா."

ஒரு மனிதன் தன் குற்றத்தை ஒப்புக்கொள்ள இவ்வளவு மன்றாடவேண்டியிருக்கும் என்று நான் நினைக்கவில்லை. என் மனைவியைப் பார்த்தேன். அவள் ஒருத்திதான் நம்பிவிட்டாள். முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. கடைசியில், நிரூபித்துக் காட்டுகிறேன், வா என்று அவனை எங்கள் ஹாலுக்கு அழைத்துப்போனேன். டீச்சரை அவர் வீட்டு லேப்டாப் முன் உட்காரச் சொல்லி, எங்கள் கணினியிலிருந்து மகனை வீடியோவில் அவரைக் கூப்பிடச் சொன்னேன். திரையில் டீச்சர் தெளிவாகத் தெரிந்தார்.

"ஏதாவது பாடம் சொல்லும்மா" என்றான்.

"மழை. மழையில் நனைந்த குழந்தை" என்று ஆரம்பித்தார்.

நான் கட்டத்தில் எண்ணை எழுதினேன். குரல் கரகரத்து, துண்டு துண்டாகி, நின்றது. வாய் பாதி திறந்தபடி, ஒரு கண் மூடியும் ஒரு கண் திறந்தும், டீச்சர் திரையில் அப்படியே உறைந்துபோனார். பார்க்க உண்மையிலேயே வேடிக்கையாக இருந்தது, அதுதான் கொடுமை. மகன் சிரிக்கவில்லை.

பதில் வராததால் டீச்சரே எழுந்து நடையைக் கடந்து வந்திருக்கிறார். எங்களுக்குப் பின்னால் நின்று திரையில் தன் முகத்தையே பார்த்தார்.

"குழந்தைகள் இதைத்தான் பாத்துண்டிருந்துதுகளா?" என்றார்.

"ஆமாம் டீச்சர்."

"நான் பேசினது, கதை சொன்னது, அதெல்லாம் சரியாத்தான் இருந்துதா?"

"சரியாத்தான் இருந்துது. இங்கேருந்து தினம் கேட்டேன்."

நான் வசவை எதிர்பார்த்திருந்தேன். அவர் முகத்தில் வந்தது நிம்மதி. அதைப் பார்ப்பதற்கு வசவே தேவலை. வசவை என் மனைவி பார்த்துக்கொண்டாள். "சீட்டுக் கட்டுக்கும் எதிர்வீட்டுக்கும் வித்தியாசம் தெரியாத மனுஷன்" என்று ஆரம்பித்தவள், அந்த வாரம் முழுக்க ஆரம்பித்த இடத்திலேயே இருந்தாள்.

மகன் மட்டும் டப்பாவையும் என் கணினியையும் மாறி மாறிப் பார்த்தான். "மாமா, சீட்டாட்டத்துக்குத் துளி நெட்டு போதுமே. அம்மா கிளாஸுக்கும் அதுக்கும் சம்பந்தமே கிடையாது. முன்னாடி எங்கே உக்காந்து ஆடுவேள்?"

படுக்கையறையைக் காட்டினேன். உள்ளே போய்ப் பீரோவைப் பார்த்தான். விரல் மடக்கி அதைத் தட்டினான்.

"இந்த இரும்பு மறைச்சுண்டு நின்னா சிக்னல் எப்படி வரும்? நீங்க ஹாலுக்கு வந்தேளே, அதனாலதான் உங்களுக்குச் சரியாச்சு. அம்மாவைக் குறைச்சதனால இல்லை."

வால்வு விஞ்ஞானம் அந்த இடத்தில் முடிந்தது. நான் டீச்சரிடமிருந்து எடுத்த வேகம் எனக்கு வந்து சேரவே இல்லை. யாருக்கும் உபயோகப்படாமல் எங்கோ போயிருக்கிறது. பசிக்குத் திருடினேன் என்றாவது திருடன் சொல்லிக்கொள்வான்.

மன்னிப்புக் கேட்டேன். டீச்சர் அதைக் காதில் வாங்கிக்கொண்டாரா என்று தெரியவில்லை. "நின்னுபோன குழந்தைகளோட அம்மா அப்பாகிட்ட நீங்களே சொல்லிடுங்கோ. நான் சொன்னா சாக்குன்னு நினைப்பா" என்றார். பள்ளிக்கூடத்தில் தப்புச் செய்த பையனை வகுப்பு வகுப்பாக அனுப்புவார்களே, அந்தக் குரல்.

ஒவ்வொருவராக ஃபோன் செய்தேன். தானேயில் ஒரு தகப்பன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அச்சா, ஆப் கேபிள்வாலா ஹை க்யா?" என்றான். இல்லை, எதிர்வீட்டுக்காரன் என்றேன். "எதிர்வீட்டுக்காரர் ஏன் அங்கிள் நெட்டைக் குறைச்சீங்க?" சீட்டாட என்றேன். அந்தப் பக்கம் ஃபோனைப் பொத்திக்கொண்டு குடும்பமே சிரிப்பது கேட்டது. செம்பூரில் ஒரு தாய், இது ஏதோ மோசடி அழைப்பு என்று நினைத்து, தன் வங்கி விவரம் எதையும் தரமாட்டேன் என்று வைத்துவிட்டாள். மறுபடி கூப்பிட்டு முதலிலிருந்து சொன்னேன். நவி மும்பையில் பையன் ஒருவனே ஃபோனை எடுத்து, "டீச்சர் ஸ்டாச்சூ ஆனது உங்களாலயா? மஸ்த் தா அங்கிள்!" என்று பாராட்டினான். அந்தப் பாராட்டுதான் எல்லாவற்றையும்விட மோசமாக இருந்தது.

பாதிப் பேருக்கு மேல் திரும்பி வந்தார்கள். துபாய்ப் பெண் வரவில்லை. அவளுக்கு அந்த நேரத்தில் நீச்சல் வகுப்பு வந்துவிட்டதாம். திங்கட்கிழமை வகுப்பு முடியும்வரை மகன் இருந்தான். அம்மா புலி மாதிரி கர்ஜிப்பதை அறைக்கு வெளியே நின்று கேட்டுவிட்டு, கொண்டுவந்த காலிப் பெட்டியைக் காலியாகவே எடுத்துக்கொண்டு புனேக்குப் போனான்.

போகும் முன் அம்மாவுக்குத் தனி இணைப்பு ஒன்றுக்குச் சொல்லிவிட்டுப் போயிருந்தான். மறுவாரம் ஆள் வந்து எங்கள் ஜன்னலுக்குப் பக்கத்தில் துளை போட்டு, நடையின் மேல்சுவர் வழியாக இன்னொரு கேபிளை எதிர்வீட்டுக்கு இழுத்தான். செய்தித்தாள் இன்னும் பாதிப் பாதிதான். பேச்சும் இருக்கிறது. டீச்சர் என்னைப் பார்த்தால் சிரிக்கிறார், முழங்கால் எப்படியிருக்கிறது என்று கேட்கிறார். பண்டிகைக்குப் பட்சணம் வருகிறது, என் மனைவியின் பெயரில்.

போன மாதம் டீச்சரின் லேப்டாப் திடீரென்று உயிரை விட்டுவிட்டது. அதைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு, தாதரில் ரிப்பேர் கடைக்குப் போகக் காலையிலேயே கிளம்பினார். எங்கள் வாசல் திறந்திருந்தது. நான் உள்ளே நாற்காலியில் இருந்தேன். என் மனைவிக்கு விஷமம் இன்னும் போகவில்லை.

"என்னத்துக்கு டீச்சர் அவ்வளவு தூரம்? இதோ இவர் இருக்காரே, இவர்கிட்டக் காட்டறது" என்றாள்.

டீச்சர் எட்டி என்னைப் பார்த்தார். முகத்தில் கோபம் துளியும் இல்லை.

"வேண்டாம் மாமி" என்றார். "இது நிஜமாவே கெட்டுப்போயிருக்கு."